முப்பிடாதி அனுப்பி வைத்த விமானம்

ஊசிப்பாறைப்பட்டிக்குத் தெற்கே கரிசல் காடு வானத்தோடு போய் முட்டுகிற இடத்தில், வெள்ளைக்காரர்கள் தங்கள் சண்டைக்கு ஒரு விமானத்தளம் வேண்டும் என்று வந்து நின்றபோது, அங்கே பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. இதைப் பறித்துக்கொள்ள ஒரு வாரம் விடுங்கள் சாமி என்று ஊர் கெஞ்சியதும், வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கியதும், அன்று சாயங்காலமே லாரிகள் வரிசைகட்டி வந்து பருத்திச் செடியின் மேலேயே சரளைக்கல்லைக் கொட்டத் தொடங்கியதும், அந்த ஊரில் இன்றைக்கும் நேற்று நடந்த மாதிரிச் சொல்லப்படுகிற சமாச்சாரம். எத்தனையோ பேர் நிலம் போயிற்று. ஆனால் அந்தத் தளத்துக்குப் பேராக வந்து உட்கார்ந்தது முப்பிடாதிதான். அவள் அதைக் கேட்கவும் இல்லை.

முப்பிடாதிக்குப் புருஷன் செத்துப்போய் வெகுகாலம். பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் நாலு குறுக்கம் நிலமும், அதன் நடுவே ஊரே கம்பும் உளுந்தும் அடித்துத் தூற்றுகிற ஒரு களமும், யாருக்கும் வளையாத ஒரு முதுகும்தான். நிலத்தை வளைக்க வந்த மேஜர் ஹார்கிரீவ், தாடி மீசை இல்லாத சிவந்த மனுஷன், அவளுடைய கொழுந்தன் சங்கிலியை மேஸ்திரியாகவும் மொழிபெயர்ப்பாகவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"மதினி, சண்டை முடிஞ்சதும் நிலம் உனக்கே திரும்பி வந்துருமாம். தொர சொல்லுதாரு."

"சண்டை முடியலன்னா?"

சங்கிலி அதை இங்கிலீஷில் சொல்ல, மேஜர் சிரித்து, எந்தச் சண்டையும் ஒருநாள் முடியும் என்றார். "சரி, நான் காத்துக் கெடக்கேன். ஆனா என் நெலம் எனக்கு வேணும். அதை அவருகிட்ட ரெண்டு தடவ சொல்லு" என்று முப்பிடாதி சொல்ல, சங்கிலி ஒரு தடவைதான் சொன்னான், பயந்தாங்கொள்ளி.

சரளை போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு, தார் ஊற்றி, காடு முழுக்கக் கறுப்புப் பாய் விரித்த மாதிரி ஓடுபாதை தயாரானது. அதன் தலைமாட்டில் மேஜர் தன் பேரையே பெரிதாக எழுதிப் பலகையும் நட்டார். மேளம் கொட்டி, கழுத்தில் மாலையோடு எல்லோரும் காத்திருக்க, முதல் விமானம் வடக்கேயிருந்து வந்தது, வட்டம் போட்டது, மூக்கைத் தாழ்த்தியது, ஓடுபாதை வரைக்கும் வந்து, முப்பிடாதியின் களம் இருந்த இடத்துக்கு நேர் மேலே, இரண்டு ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. இஞ்சின் ஓய்ந்தது. காற்றாடியும் சுற்றுவதை நிறுத்தியது. விமானம் விழவும் இல்லை, இறங்கவும் இல்லை, வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

மேஜர் ஓடினார், கத்தினார், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கயிற்றை வீசி எட்டு ஜோடி மாடு பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். மாடுகள்தான் முட்டி போட்டன. ஊர்க்காரர்களுக்கோ இதில் வியக்க ஒன்றுமே தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் களத்துக்குள் செருப்புக் கால் வைக்க மாட்டார்கள். களத்துக்காரி "உள்ள வாங்க" என்று வாயால் சொல்லாமல் வெறுங்காலும் வைக்க மாட்டார்கள். கூலிக் கம்பு வாங்க வந்த ஆளானாலும், பிச்சைக்கு வந்த பண்டாரமானாலும், வரி கேட்டு வந்த சேவகனானாலும் விளிம்பில் நின்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். மேலே தாரை ஊற்றினால் கீழே இருக்கிற களம் களமில்லாமல் போய்விடுமா என்ன?

"மரியாத தெரிஞ்ச வண்டிட்டி. கூப்பிடாம எப்படி எறங்கும்?" என்று பக்கத்து வீட்டுப் பிரமாச்சி சொல்லிவிட்டு, விமானம் போட்ட நிழல் நல்ல நிழலாக இருக்கிறதென்று தன் வீட்டு உளுந்தை அள்ளிக்கொண்டு வந்து அதன் கீழே உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். மறுநாளைக்குள் இறக்கையின் கீழே தொட்டில் கட்டியாயிற்று; சக்கரத்தில் யாரோ சேலை காயப் போட்டிருந்தார்கள்; பக்கத்து ஊர்ப் பலகாரக்காரன் சீரணிக் கூடையோடு வந்து கடை விரித்துவிட்டான். விமானத்துக்குள்ளே இருந்த பைலட் மட்டும் கண்ணாடியைத் திறந்து தலையை நீட்டி, பாவம், எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஏணி வைக்கிறோம், இறங்கு என்று மேஜர் சொன்னதற்கு, வண்டியை அந்தரத்தில் விட்டுவிட்டு எந்த டிரைவர் இறங்குவான் என்று மறுத்துவிட்டானாம்.

முப்பிடாதி கூப்பிடவில்லை. வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். மேஜர் வந்தார், சங்கிலி வந்தான், ஊரே வந்தது. "என் பருத்திமேல கல்லக் கொட்டுதப்ப யாராவது என்னயக் கேட்டியளா? இப்ப எதுக்கு வாரீக?" என்று கேட்டாள். வந்த கூட்டம் வந்த வழியே திரும்பியது.

கடைசியில் பைலட்டே, அந்த உயரத்திலிருந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினான். நல்ல தமிழில் கத்தினான், அதுதான் விஷயம். பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பையன் அவன், பேர் டெரிக்.

"அம்மா! கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா எனக்குப் பசி உயிர் போகுது. உள்ள வரலாமா?"

புளியை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. பசிக்கிறது என்று சொல்லி வாசலில் நிற்பவனை என்ன செய்வது? முப்பிடாதி எழுந்து வந்தாள். வந்தவள் முதலில் மேஜரைத்தான் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். வெறுங்காலோடு களத்தில் நிற்க வைத்து, சண்டை முடிந்ததும் நிலத்தைத் திருப்பித் தருவேன் என்று ஊர் கேட்க வாயைத் திறந்து சொல்லச் சொன்னாள். களத்தில் நின்று சொன்ன சொல்லை அந்தப் பக்கத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். மேஜர் கால் சுட, ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார். அப்புறம்தான் அவள் முகத்தை மேலே தூக்கி, "வாய்யா, உள்ள வா" என்றாள். விமானம் அடைகோழி முட்டைமேல் உட்காருகிற பதத்தில், ஒரு கல்லும் நொறுங்காமல் இறங்கியது. டெரிக் நேராக அவள் வீட்டுக்குப் போய் மூன்று கும்பா கூழ் குடித்தான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எந்த விமானம் வந்தாலும் களத்துக்கு மேலே வந்து நிற்கும், முப்பிடாதி கூலிக்குக் களை எடுக்கிற இடத்திலிருந்தோ, குளிக்கிற இடத்திலிருந்தோ ஓடிவந்து "வாங்க" என்பாள், இறங்கும். ஓடி ஓடி அவளுக்கு மூச்சு வாங்குகிறதென்று பைலட்டுகள் சேர்ந்து ஒரு மைக்கை அவள் அடுப்படியிலேயே கொண்டுவந்து மாட்டினார்கள்; அவள் கம்பு இடித்துக்கொண்டே "வாங்கய்யா, வாங்க" என்று அதற்குள் சொல்லுவாள். விமானம் கிளம்பும்போது, விருந்தாளியை அனுப்புகிற எந்த வீட்டிலும் சொல்லுகிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்பாள். இதில் என்ன இருக்கிறது? நாமும் தினம் சொல்லுவதுதான். ஆனால் அவள் அப்படிச் சொல்லி அனுப்பிய விமானம் ஒன்றுகூட வராமல் போகவில்லை. பர்மாப் பக்கம் சண்டைக்குப் போன விமானங்கள் சல்லடையாகத் துளைபட்டு வந்தன. பாதி வால் இல்லாமல் வந்தன. எண்ணெய் தீர்ந்து, இஞ்சின் கரிந்து, ஓட்டுகிறவன் மயக்கமாகக் கிடக்கத் தானாகவே ஒன்று வந்து களத்துக்கு மேலே மரியாதையாக நின்றது. மற்ற இடத்துத் தளங்களில் தினமும் சாவுச் செய்தி, இங்கே ஒரு பைலட்டுக்குக்கூட விளக்கேற்ற வேண்டி வரவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால் மேஜரின் பேர்ப் பலகையில் வெள்ளை அடித்து, அதன்மேல் முப்பிடாதி என்று தாரால் எழுதியிருந்தது. யார் எழுதியது என்று மேஜர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார். எல்லோருமே நான்தான் என்றார்கள். கொழும்பிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள் அந்தப் பேரைக் கடித்துத் துப்பி, பாதியை விழுங்கி, எப்படியோ சொல்லப் பழகினார்கள். ஒரு வாரம் கழித்து மேஜரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

பேர் சுற்றுவட்டாரத்தில் பரவினால் சும்மா இருப்பார்களா? கொழும்புக்கும் கண்டிக்கும் பிழைக்கப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பெண்டாட்டிமார் வந்தார்கள். பட்டாளத்துக்குப் போகிற மகனை இழுத்துக்கொண்டு தாய்மார் வந்தார்கள். ஒருத்தி, மேய்ச்சலுக்குப் போனால் அடுத்த ஊர்க் கிடாவோடு ஓடிவிடுகிற தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முப்பிடாதி எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டு, ஓடுபாதையின் ஓரத்தில் வெடிப்பு விட்ட இடத்தில் எட்டிப் பார்க்கிற பருத்திக் கன்று ஒன்றைக் குனிந்து தடவிப் பார்ப்பாள். "எப்பட்டி முடியும் இந்தச் சண்டை?" என்று பிரமாச்சியிடம் கேட்பாள். தன் நிலத்தில் நின்றுகொண்டே தன் நிலத்துக்காக ஏங்குகிற கொடுமை அவளுக்கு இருந்தது.

சண்டை முடிந்தது. மற்ற விமானங்களை நின்ற இடத்திலேயே பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாரியில் போனதுக்கு முப்பிடாதி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவை திரும்பவும் இல்லை. மேஜரும், அவருடைய ஊர்ப் பழக்கமோ என்னவோ, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு விடியக்காலையில் ஜீப் ஏறிப் போனார். அவரும் திரும்பவில்லை, களத்தில் நின்று அவர் சொன்ன சொல்லும் அவரோடு கப்பலேறிவிட்டது. மிஞ்சியது டெரிக்கின் விமானம் ஒன்றுதான். அதை நாக்பூருக்குக் கொண்டுபோய் ஒப்படை என்றார்கள். ஒப்படைத்துவிட்டு ரயிலேறப் போனவனை, ஸ்டேஷன் வாசல்வரைக்கும் தேடிவந்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது விமானம். சென்னையில் இரும்புச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள், கட்டிய இரும்போடு வந்தது. மேலே இருக்கிறவர்கள் யோசித்தார்கள். விமானம் எங்கே போனாலும் அந்த இடத்துக்கே வருகிறது என்றால், அந்த இடம்தான் விமானத்தளத்துக்கு ஏற்ற இடம், அதை நிரந்தரமாகவே வைத்துவிடலாம் என்று முடிவு கட்டினார்கள்.

அதைச் சொல்ல ஒரு தாசில்தார் வந்தார். நெற்றியில் சந்தனம், மெலிந்த உடம்பு, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். கூடவே ஒரு மாட்டு வண்டியில் பெரிய கருங்கல்லும் வந்தது.

"அம்மா, பிளேன் வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நிலத்தைத் திருப்பித் தர வழியில்லை. ஆனா உங்களுக்கு ஒரு மரியாதை செய்யச் சொல்லியிருக்காங்க. பலகை மழையில போயிடும். கல்லு போகாது பாருங்க" என்றார்.

கல்லில் அவள் பேர் ஆழமாக வெட்டியிருந்தது. முப்பிடாதிக்கு வாசிக்கத் தெரியாது. விரலை விட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே என்று இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் கிடந்தது அந்தக் கல்லைத் தொட்டதும் கரைந்துபோயிற்று, பொய் சொல்லுவானேன், அவளுக்கு அந்தக் கல் பிடித்திருந்தது. அடுத்த வாரம் நடலாம் என்று தாசில்தார் அதை அங்கேயே இறக்கிவிட்டுப் போனார்.

"போச்சு. உன் நெலமும் போச்சு, என் நெலமும் போச்சு" என்று பிரமாச்சி ஒப்பாரி வைத்தாள். "எல்லாம் உன்னாலதானட்டி! ஒவ்வொரு தடவயும் போயிட்டு வா, போயிட்டு வான்னு நீதான அத வரச் சொல்லுத?"

முப்பிடாதிக்குப் பொட்டில் அடித்த மாதிரி ஆயிற்று. மறுநாள் விமானம் கிளம்பியபோது வாயை இறுக்கிக்கொண்டு, அடுப்படியை விட்டே வெளியே வரவில்லை. விமானம் ஓடுபாதை முனைவரைக்கும் போய் நின்று உறுமிற்று. நாள் முழுக்க உறுமிற்று. சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போகும், இத்தனை நாள் உண்ட வீடாயிற்றே! ஊரில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. கறவை மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. பொறுக்கமாட்டாமல் சங்கிலிதான் வந்து சொன்னான்: "மதினி, போயிட்டு வான்னு சொன்னாத்தான வரும்? வெறும் போன்னு சொல்லிரு."

கேட்டவர்களெல்லாம் அவனை அடிக்கப் போனார்கள். கிளம்புகிறவனைப் பார்த்து வெறும் "போ" என்று யாராவது சொல்லுவார்களா? பாடைக்குக்கூட அப்படிச் சொல்ல நாக்கு வராதே! மற்ற தளங்களில் அனுப்பி வைக்க ஆளில்லாமல் கிளம்பிய பைலட்டுகள் என்ன ஆனார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விமானத்துக்குள்ளே டெரிக் இருக்கிறான். முப்பிடாதி கூழ் ஊற்றி வளர்த்த பிள்ளை என்று ஊரே சொல்லுகிற டெரிக்.

முப்பிடாதி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே ஓடுபாதைக்குப் போய், விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

"ஏய்யா டெரிக்கு, எறங்கு."

"எதுக்கும்மா?"

"இத நான் அனுப்பப் போறேன். திரும்பி வராதபடிக்கு அனுப்பப் போறேன். நீ உள்ள இருக்கக் கூடாது."

டெரிக்குக்கு முகம் வெளுத்துவிட்டது. விமானத்தின் பக்கவாட்டைக் கையால் பிடித்துக்கொண்டான். "இது இல்லாம நான் என்னம்மா பண்ணுவேன்? எங்க காலனியில அத்தனை பேரும் ரயிலு ஓட்டினாங்க, நான் ஒருத்தன்தான் ஆகாசத்துக்குப் போனவன். வண்டி இல்லாம நான் யாரு?"

"நெலம் இல்லாம நான் யாரு?" என்றாள் முப்பிடாதி. "உன் ஆச தப்புன்னு சொல்லல. என் மண்ணுமேல நின்னுக்கிட்டு அத ஆசப்படாதன்னு சொல்லுதேன். பசிக்குதுன்னு கேட்ட, வான்னேன். இப்ப எனக்குப் பசிக்குது. இந்த ஊருக்கே பசிக்குது. களமும் இல்ல, காடும் இல்ல, கூலிக்குக் கல்லு ஒடைக்கப் போறாக. நான் அந்தச் சொல்லச் சொல்லத்தான் போறேன். நீ உள்ள இருந்தாலும் சொல்லுவேன். சொல்லிட்டுப் பெறகு நானும் உசுரோட இருக்க மாட்டேன். அதனால எறங்கிரு ராசா."

அவள் காலை நகர்த்தவில்லை. டெரிக் வெகுநேரம் உள்ளேயே இருந்தான். ஒவ்வொரு முள்ளாக, ஒவ்வொரு பிடியாகத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் வாரை அவிழ்த்துக்கொண்டு, இறக்கையில் கால் வைத்து, தரையில் குதித்தான். குதித்தவன் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

முப்பிடாதி விமானத்தின் மூக்கில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. "நீயும் மரியாத தெரிஞ்சவன்தான்" என்றாள். "வந்த வேல முடிஞ்சிருச்சு. போ."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். விமானம் உறுமலை நிறுத்தியது. தன்னைத்தான் சொன்னாளா என்று கேட்கிற மாதிரி கொஞ்சநேரம் சும்மா நின்றது. பிறகு ஆளில்லாமலே திரும்பி, ஆளில்லாமலே ஓடி, ஆளில்லாமலே மேலே எழும்பி, ஒரு வட்டம்கூடப் போடாமல் தெற்கே கடலைப் பார்த்துப் போயிற்று. டெரிக் சிறு பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். முப்பிடாதியும் அழுதாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, தன் நிலத்தின் வடக்கு மூலை இதுதான் என்று கண்ணாலேயே அளந்து, தாரில் முதல் குத்தைப் போட்டாள். மதியத்துக்குள் ஊரே வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஒரு பாய் அகலத்துக்குக் கரிசல் வெளியே தெரிந்தது, ஈரம்கூடக் காயாமல்.

கல்லை நட ஆள் அம்போடு தாசில்தார் வந்தபோது ஓடுபாதை பாதிதான் இருந்தது. அவர் ஆபீஸ் ஜீப்பிலிருந்து அவசரமாக இறங்கினார்.

"பிளேன் எங்கம்மா?"

"அனுப்பிட்டேன்."

"எப்ப வரும்?"

"வராது. வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான நெலத்தத் தர வழியில்லன்னு சொன்னிய? இப்ப வழி இருக்குல்லா?"

தாசில்தார் வானத்தைப் பார்த்தார், உடைந்து கிடக்கிற தாரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "அப்போ உங்க பேரு?" என்று கேட்டார், அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முப்பிடாதி கல்லைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை, ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அதத் தூக்கிட்டுப் போயிருங்க. கெடந்தா நான் மனசு மாறிருவேன்" என்றாள். பிறகு, ஆபீஸ் ஜீப்பில் ஏறப் போனவரைக் கை காட்டி நிறுத்தினாள். ஊர் பதறிற்று, இவரையும் அந்தச் சொல்லால் அனுப்பிவிடப் போகிறாளோ என்று பிரமாச்சி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். முப்பிடாதி அந்தக் கையை விலக்கினாள்.

"ஐயா, ஒங்களுக்குத் தனியாச் சொல்லுதேன், ஒங்க ஆபீசுக்குத் தனியாச் சொல்லுதேன். நீங்க போயிட்டு வாங்க, கம்பு வெளஞ்சதும் கூழு குடிக்க வாங்க." அப்புறம் ஜீப்பின் பக்கம் திரும்பினாள். "ஆபீசே, நீ போ."

ஆபீஸ் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. தாசில்தார் மட்டும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, நாலுமுழ வேட்டியோடு, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தார்; கம்பங்காட்டு விளிம்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூப்பிடுவதற்காக நின்றார்.